பிராண்டை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு துறையின் உத்தி இன்னொன்றுக்குப் பொருந்துமா?

ஒரு துறையில் ஜெயித்த மார்க்கெட்டிங் உத்தியை அப்படியே இன்னொரு துறைக்குத் தூக்கிக்கொண்டு போவது, பிராண்டு உருவாக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுதான் வேர் என்பது என் எண்ணம். ஜூஸ் வாங்குகிறவர் அலமாரி முன்னால் சில நொடிதான் நிற்பார். தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் பேசி, நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே முடிவெடுப்பார்கள். டாக்டரைத் தேடுகிறவர் தெரிந்தவர்களிடம் கேட்பார். இந்த மூன்று பேருக்கும் ஒரே விளம்பரத் திட்டம் எப்படிப் பொருந்தும்?

இதற்கு அமெரிக்காவின் ஜேசி பென்னியைவிடத் தெளிவான உதாரணம் சொல்வது கடினம். துணிமணியும் வீட்டுச் சாமான்களும் விற்கும் பழைய கடைச் சங்கிலி அது. ஆப்பிள் கடைகளை உருவாக்கிப் பெயர் வாங்கிய ரான் ஜான்சனை 2011-ல் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிள் கடையில் கூப்பன் கிடையாது, வாராவாரம் தள்ளுபடியும் கிடையாது. அதே முறையை 2012 தொடக்கத்தில் அவர் இங்கேயும் கொண்டுவந்தார். விலையை ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளுபடி என்று குறைப்பதை நிறுத்தி, முதலிலேயே நியாயமான விலையைப் போடுவதுதான் திட்டம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில கடைகளில் போட்டுச் சோதித்துப் பார்க்காமல் எல்லாக் கடைகளிலும் ஒரேயடியாக இறக்கினார்கள்.

ஐபோன் வேண்டும் என்று முடிவு செய்தவர் அதைத்தான் வாங்குவார். சட்டையும் போர்வையும் வாங்க வருகிறவருக்கு எதிரிலேயே இன்னொரு கடை இருக்கிறது. கூப்பனைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, விலைச்சீட்டில் பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை எழுதியிருப்பதைப் பார்த்து, ‘இன்றைக்கு லாபம்தான்’ என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவதற்காகவே ஜேசி பென்னிக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தத் திருப்தியே போன பிறகு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? அந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் பதவியை இழந்தார். கூப்பன்கள் திரும்பி வந்தன.

அடுத்த தவறு, நமக்கு அலுத்துவிட்டது என்பதற்காக அடையாளத்தை மாற்றுவது. நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் லோகோவையும் பேக்கிங்கையும் தினமும் பார்க்கிறார்கள், அலுக்கத்தான் செய்யும். வாங்குகிறவரோ அதை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் போகிற போக்கில்தான் பார்க்கிறார். டிராப்பிகானா ஜூஸ் பெட்டியில் முழு ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய படம் இருந்தது. 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் ஜூஸ் இருக்கிற படத்தைப் போட்டார்கள். எழுத்தின் வடிவத்தையும் மாற்றினார்கள். வடிவமைப்பு சுத்தமாக, நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் பழகிய பெட்டியைத் தேடியவர்களின் கண்ணில் அது படவில்லை. பட்டாலும் ஏதோ மலிவான சரக்கு போலத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் குறைய, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். 2010-ல் கேப் துணி நிறுவனம் புது லோகோவை ஒரு வாரம்கூட வைத்திருக்க முடியவில்லை.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. மக்கள் எந்த ஒரு அடையாளத்தை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது நிறமாக இருக்கலாம், பாட்டிலின் வடிவமாகவோ ஒரு சின்ன இசைத்துணுக்காகவோகூட இருக்கலாம். அதைத் தொடாமல் மற்றதை மாற்றலாம்.

ஆய்வு செய்துவிட்டோம் என்ற தைரியமும் ஆபத்தானதுதான். 1985-ல் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டது. புதுச் சுவைதான் ஜெயித்தது. ஆனால் பழையது இனிமேல் கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்ற கேள்வியை அந்த ருசிச் சோதனையால் அளக்க முடியவில்லை. 79 நாளில் பழைய சுவை திரும்பி வந்தது. கேள்வி தப்பாக இருந்தால், எத்தனை லட்சம் பேரிடம் கேட்டாலும் பதில் உதவாது.

பொதுமக்களிடம் பெயர் வாங்கிய பிறகும் பழைய மாதிரியே நடந்துகொள்வது இன்னொரு தவறு. தொழில்நுட்ப நிறுவனங்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்பை யார் செய்கிறார்கள் என்று 1991 வரை சாதாரண வாடிக்கையாளர்கள் பெரிதாகக் கவனித்ததில்லை. அந்த ஆண்டு தொடங்கிய ‘இன்டெல் இன்சைட்’ பிரச்சாரத்தில், ஸ்டிக்கரை ஒட்டி விளம்பரம் செய்த கம்ப்யூட்டர் நிறுவனங்களின் விளம்பரச் செலவில் சிப் தயாரிக்கும் இன்டெல் பங்கெடுத்துக்கொண்டது. அருமையான உத்தி. 1994-ல் இன்டெலின் பென்டியம் சிப்பில், சில அபூர்வமான வகுத்தல் கணக்குகளில் விடை தப்பாக வருவது வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை வரும் என்று இன்டெல் விளக்கம் சொன்னது. தேவை இருப்பதாக நிரூபிப்பவர்களுக்கு மட்டும் சிப்பை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. பொறியாளர்களிடம் பேசியிருந்தால் அது எடுபட்டிருக்கும். ஸ்டிக்கரை நம்பி வாங்கிய பொதுமக்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கில் ஏறியது. பொதுமக்களிடம் பெயர் எடுக்கப் போகிற எந்த நிறுவனமும், புகார் வந்தால் யார் பேசுவது, எந்தத் தொனியில் பேசுவது என்பதையும் விளம்பரத்தோடு சேர்த்தே யோசித்து வைக்க வேண்டும்.

சரி, இணைய விளம்பரத்துக்கு வருவோம். இங்கே எல்லாமே எண்ணாகத் தெரிவதால், எண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். இணையத்தில் பொருட்களை வாங்கவும் விற்கவும் உதவும் தளமான ஈபே, தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தை 2012-ல் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. கிட்டத்தட்ட எல்லோரும் கீழே இருந்த இலவச இணைப்பைச் சொடுக்கி உள்ளே வந்துவிட்டார்கள். அதாவது, எப்படியும் வரப்போகிறவர்களுக்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லா நிறுவனத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. புதிய நிறுவனத்தின் பெயரை யாரும் தேட மாட்டார்கள், அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படலாம். கொஞ்ச நாள், ஒரு பகுதியில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் உங்கள் நிலவரம் தெரிந்துவிடும்.

மருத்துவம், சட்டம், நிதி போன்ற சேவைத் துறைகளில் விளம்பரத்தைவிட அனுபவமே அதிகம் பேசும். சிகிச்சையின் தரத்தை எடைபோட நோயாளிக்கு வழி இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரிவதை வைத்து எடைபோடுகிறார்: வரவேற்பில் எப்படிப் பேசினார்கள், எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், பில்லில் இருப்பதை விளக்கிச் சொன்னார்களா? இவை சரியில்லாமல் விளம்பரத்துக்குச் செலவழித்தால், அதிருப்தியோடு திரும்பிப் போகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். இந்தத் துறைகளில் விளம்பரத்துக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடுகளும் உண்டு, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காப்பாற்ற முடியாத வாக்குறுதி. அமெரிக்காவில் ‘சுத்தமான டீசல்’ என்று சொல்லி விற்ற ஃபோக்ஸ்வாகன், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைக் காரில் வைத்திருந்தது 2015-ல் அம்பலமானது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. எதை முன்னிறுத்தி விற்றார்களோ அதிலேயே பொய் என்பதால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது.

புதிய திட்டம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சமீபத்தில் உங்களிடம் வாங்கியவர்களில் சிலரையும், விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களில் சிலரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘எங்கள் பிராண்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் மரியாதைக்கு நல்லதாக ஏதாவது சொல்வார்கள். முதலில் யாரிடம் விசாரித்தீர்கள், வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள், எந்த இடத்தில் தயங்கினீர்கள் என்று நடந்ததை வரிசையாகக் கேளுங்கள். விளம்பர ஏஜென்சியிடம் போகும்போது இந்தப் பதில்களைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.