ராபிட்எம்க்யூ: கனெக்‌ஷனைத் திறந்தால் திறந்தபடியே விடுங்கள்

ஆப்களுக்கு இடையே மெசேஜ்களை க்யூவில் (வரிசையில்) வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்க்யூ சர்வர் திணறுகிறது என்றால் முதலில் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து (15672 போர்ட்) கனெக்‌ஷன் பட்டியலைப் பாருங்கள். ஒரே ஆப் நொடிக்கு நொடி புதிதாக வந்து வந்து போகிறதா? அப்படியானால் ஒவ்வொரு மெசேஜுக்கும் கனெக்‌ஷனைத் திறந்து மூடுகிற புரோகிராம் கோடு எங்கோ ஓடுகிறது. டிசிபி ஹேண்ட்ஷேக், அதன்மேல் டிஎல்எஸ் குறியாக்கம், அப்புறம் லாகின், இத்தனையும் ஒரே ஒரு மெசேஜுக்காக!

ஆப் தொடங்கும்போதே இரண்டு கனெக்‌ஷன் திறங்கள், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. ஏன் இரண்டு என்றால், மெமரியோ டிஸ்க்கோ நிறையும்போது, மெசேஜ் அனுப்புகிற கனெக்‌ஷனிலிருந்து படிப்பதையே சர்வர் நிறுத்திவிடும்; இரண்டு வேலையும் ஒன்றிலேயே நடந்தால் கன்சூமர் (மெசேஜை வாங்கும் பக்கம்) அனுப்பும் அக்கும் (மெசேஜ் வேலை முடிந்தது என்ற ஒப்புதல்) அதில் மாட்டிக்கொள்ளும், க்யூ காலியாகவே ஆகாது. த்ரெட் நிறைய இருந்தால் த்ரெட்டுக்கு ஒரு சேனல் (ஒரே இணைப்புக்குள் ஓடும் தனிப் பாதை) போதும்.

அதிகம் படுத்துவது ஹார்ட்பீட்தான், அதாவது ‘இன்னும் இருக்கிறேன்’ என்று இரண்டு பக்கமும் அவ்வப்போது அனுப்பிக்கொள்ளும் சின்னத் துடிப்பு. நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ லோட் பேலன்சரோ சும்மா கிடக்கிற கனெக்‌ஷனைச் சத்தமில்லாமல் மறந்துவிடும், இரண்டு பக்கமும் இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க லினக்ஸிலேயே இருக்கும் டிசிபி கீப்அலைவ் சோதனை, மாற்றாமல் விட்டால், விழித்துக்கொள்ள 7200 நொடி ஆகும். அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரோ, மாற்றாமல் விட்டால், 350 நொடியிலேயே கைகழுவிவிடும். ராபிட்எம்க்யூவின் ஹார்ட்பீட் 60 நொடி, அதில் பாதிக்கு ஒருமுறை ஒன்று போகும் என்பதால் அப்படியே விட்டால் பெரும்பாலும் போதும். 5 நொடிக்குக் கீழே இறக்கினால், பழுதில்லாத கனெக்‌ஷனும் அறுபடும்.

பைதான்காரர்களுக்கு ஒன்று: பைகா லைப்ரரியின் பிளாக்கிங் கனெக்‌ஷனில் கால்பேக் (மெசேஜ் வந்ததும் ஓடும் உங்கள் கோடு) பத்து நிமிடம் ஓடினால் அதுவரை ஹார்ட்பீட் போகாது, சர்வர் கனெக்‌ஷனை வெட்டிவிடும், அதே மெசேஜ் திரும்ப வரும். உடனே ஹார்ட்பீட்டை 0 ஆக்கி அணைத்துவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிட்டு, அக்கை மட்டும் கனெக்‌ஷன் இருக்கும் த்ரெட்டிலிருந்து அனுப்புங்கள்.

அறுந்தால் திரும்ப இணைவதை ஜாவா கிளையன்ட் தானே பார்த்துக்கொள்ளும். பைகாவில் நீங்களே எழுத வேண்டும். எழுதும்போது காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சர்வர் எழுந்ததும் எல்லா ஆப்பும் ஒரே நொடியில் வந்து மோதும்.

அப்புறம், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் கோடிலேயே ஒரு பெயர் கொடுங்கள். பட்டியலில் வெறும் ஐபியும் போர்ட்டும் மட்டும் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு எதை மூடுவது என்று தெரியாது.