பகுதிநேரச் சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்கு மாலையில் கணக்கெழுதப் போகிறவருக்கு, 2025-26 நிதியாண்டில் பேசிய 8,000 ரூபாயில் 7,200 மட்டுமே கைக்கு வந்திருந்தால், மீதி 800 ரூபாய் தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 சதவீத டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிக் கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தமாக இருக்கலாம். வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அத்தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தவர்கள் காலாண்டுக்கு ஒருமுறையே கணக்குத் தாக்கல் செய்வதால், அடுத்த மாதமே காணோம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஏறியிருந்தால், புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டாதவருக்கு வரியே இல்லை என்பதால், ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்து முழுத்தொகையையும் திரும்பப் பெறலாம். காலாண்டுக் கணக்கு முடிந்தும் ஏறவில்லையென்றால், வரி பிடித்ததற்கான சான்றிதழான படிவம் 16ஏ-வைப் பட்டறையில் கேளுங்கள். அதைத் தராமல் மழுப்பினால், வரி என்ற பெயரில் சம்பளத்தையே குறைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிப்பதில் தவறில்லை. பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.