ஊரில் குடியுரிமை பற்றிப் பேச ஆட்களைக் கூட்டுவது எப்படி

குடியுரிமை, தேசியவாதம், குடியரசுவாதம் என்று பலகையில் எழுதித் தொடங்கினால் உயர்தர அரசறிவியல் ரியூசன் மாதிரி ஆகிவிடும், பாதிப்பேர் போனை எடுத்துவிடுவார்கள். வரைவிலக்கணம் பிறகு.

மட்டக்களப்பில் தமிழர் வாழும் கல்லடியில் கூடுவதென்றால், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்தும் நாலு பேர் வர வேண்டும். மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு "அவங்க வரமாட்டாங்க" என்று சொல்லக் கூடாது.

முதல் கேள்வி இது. வதிவிடச் சான்றிதழுக்கு ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போகிறோம், நல்ல மனுசன், சிரித்துக்கொண்டே கையெழுத்து வைக்கிறார், ஆனால் நினைத்தால் நாலு தரம் அலையவிடலாம், அவரைக் கேட்க ஆளில்லை என்று வையுங்கள். நாம் சுதந்திரமானவர்களா? அரைமணி நேரம் இதிலேயே போகட்டும். யாரும் தடுக்கவில்லையே, பிறகென்ன என்பவர்கள் அரசியல் தத்துவவாதி ஐசாயா பெர்லின் 1958இல் விளக்கிய எதிர்மறைச் சுதந்திரத்தின் பக்கம். தடுக்கும் அதிகாரம் கட்டுப்பாடில்லாமல் இன்னொருவர் கையில் இருந்தாலே நாம் அவர் தயவில்தான் வாழ்கிறோம் என்பவர்கள் இன்னொரு தத்துவவாதியான பிலிப் பெற்றிற் பக்கம். அவருடைய குடியரசுவாதத்தின் அடித்தளமே அதுதான்.

சரி, இப்போது 1972 மே 22ஐ எடுங்கள். அன்றுதான் இலங்கை குடியரசானது. அன்று வந்த அரசியல் யாப்பே சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த முந்தைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவையும் கைவிட்டது. பிரித்தானிய மகாராணி போனார், தயவில் வாழ்வது போனதா?

தேசியவாதத்துக்கு அரசியல் தத்துவவாதி டேவிட் மில்லர் போதும்: ஒரே தேசத்தவர் என்ற உணர்வுதான் ஒருவருக்காக ஒருவர் பாரம் சுமக்க வைக்கிறது என்கிறார். யாப்பின் நெறிகளில் பற்றிருந்தால் போதும் என்கிற ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸை எதிரே நிறுத்துங்கள். பெரும்பாலும் எல்லோரும் சிங்களப் பேரினவாதத்தைத் திட்டிவிட்டு எழும்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். தமிழ்த் தேசியத்துக்குள் காத்தான்குடிக்காரருக்கு என்ன இடம் என்று கேளுங்கள். சத்தம் கூடும், கூடட்டும். காணி, எல்லை என்று பழைய கணக்குகள் வந்தால் யார் யாருடைய தயவில் இருக்கிறார் என்ற கேள்விக்கே இழுத்து வாருங்கள்.

கடைசியில் ஒரு வேலை கொடுங்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் ஏதாவது ஒன்றைத் தமிழிலேயே கேட்டு எழுதட்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றதும், 1948இல் பிரஜாவுரிமை இழந்த மலையகத் தமிழர் பற்றிய பேச்சு தானாக வரும். அப்புறம், கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் யாரும் படியிறங்கக் கூடாது.