பாராகிளைடர் துணியை நீங்களே பரிசோதிப்பது எப்படி?

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் ஜுக்ரா மலையிலிருந்து பறக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கைமாறிய பழைய பாராகிளைடர், அதாவது காற்றில் மிதக்கும் துணிச் சிறகுதான். வாங்கும்போது "கிழிசல் இருக்கா?" என்று கேட்பார்கள். கிழிசல் கண்ணுக்குத் தெரியும், ஒட்டிவிடலாம். வெயிலில் நைந்து காற்றைக் கசியவிடும் துணிதான் ஆபத்து. பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். ஆனால் எழும்பத் தாமதிக்கும், வேகம் குறைந்தால் முன்னே போகாமல் தொப்பென்று கீழிறங்கவும் செய்யும்.

முதலில் இடம். வெட்டவெளித் திடல் வேண்டாம். நைலானுக்கு வெயில்தான் எதிரி, காலையில் புல்லெல்லாம் பனி வேறு. தோட்டத்து மண்டபம் கிடைத்தால் தரையைக் கூட்டிவிட்டு விரியுங்கள். கூட ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும்.

மேல்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதிக வெயில் படுவது அங்கேதான். சிறகில் காற்று நிரம்பும் பை போன்ற பகுதிகள்தான் அறைகள். நடு அறையில் ஆரம்பித்து இடப்பக்கம் ஒவ்வோர் அறையாகப் போய், பிறகு வலப்பக்கம். முன்விளிம்பு தரையில் மோதித் தேய்ந்திருக்கும், அங்கே நிதானமாகப் பாருங்கள். தையல் ஓரங்களை விரலால் தடவி, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவும். பழுது தென்பட்டால் மார்க்கர் பேனாவால் வட்டம் போடாதீர்கள், மை துணியைக் கெடுக்கலாம். ஒரு துணிக்கிளிப்பை மாட்டி, "இடப்பக்கம் அறை 7, மேல்" என்று நோட்டில் எழுதினால் போதும்.

அப்புறம் அறைகளின் வாயை விரித்து உள்ளே பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஊசித் துளைகூடப் புள்ளியாக ஒளிரும். செம்பனை மட்டையின் முள் போடும் ஓட்டை இப்படித்தான் பிடிபடும். வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது. சிறகின் நுனிகளில் மணல், சருகு, எறும்பு சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் உதறிவிடுங்கள். செத்த எறும்பும் வெட்டுக்கிளியும் துணியோடு மடிபட்டால் கறையும் ஓட்டையும்தான் மிச்சம்.

இப்போது ஊதிப் பார்க்கும் சோதனை. மேல்பக்கத் துணியில் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் உதட்டை ஒட்டி வைத்து ஊதுங்கள். அதிகம் வெயில் படாத அடிப்பக்கத் துணியிலும் அதேபோல ஊதுங்கள். மேலே காற்று சுலபமாகப் புகுந்தால் காற்றைத் தடுக்கும் பூச்சு போய்விட்டது என்று சந்தேகப்படலாம். இது வெறும் தோராயமான பரிசோதனைதான். குறிப்பிட்ட அளவு காற்று துணியைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கும் போரோசிமீட்டர் பட்டறையில் இருக்கும், தீர்ப்பு அதனுடையது.

துணியைவிட நான் அதிக நேரம் செலவிடுவது கயிறுகளில். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு மெதுவாக உருவுங்கள். உறை உரிந்து உள்நூல் தெரிந்தாலோ, ஓர் இடம் மட்டும் கட்டியாகவோ மெலிந்தோ பட்டாலோ, அந்தக் கயிற்றை மாற்றியாக வேண்டும். முடிச்சுப்போட்டுச் சமாளிக்கக் கூடாது, நீளம் மாறிவிடும். டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறுகள் பயன்பாட்டில் சுருங்கவும் செய்யும். அதனால் கயிறுகள் வந்து சேரும் இடது, வலது ரைசர் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, இணைக்கயிறுகளை ஒரே இழுவையில் ஒப்பிடுங்கள். பிரேக் கயிறு கப்பியில் உரசும் இடத்தையும் கைப்பிடி முடிச்சையும் விட்டுவிடாதீர்கள். உலோக வளையங்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, கடற்காற்றில் துருப்பிடித்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஒட்டு வேலை. தையலை விட்டுத் தள்ளியிருக்கும் சின்ன ஓட்டைக்கு, பசையுள்ள ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத) துணியை மூலைகள் வட்டமாக வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டலாம். தையலைத் தொட்ட கிழிசல், நீண்ட கிழிசல் எல்லாம் பட்டறைக்கு. சேற்றை நல்ல தண்ணீரும் மென்மையான பஞ்சும் கொண்டு துடையுங்கள்; சோப்பும் சலவை இயந்திரமும் வேண்டாம். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே மடியுங்கள். நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வாசம் வந்துவிடும். காரின் பின்பெட்டியிலும் போட்டு வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

இதெல்லாம் வீட்டுப் பரிசோதனை. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ குறிப்பிட்ட பறப்பு மணி நேரத்துக்குப் பிறகோ பட்டறைச் சோதனை கேட்கிறார்கள். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஆபத்து நேரத்துக்கான ரிசர்வ் பாரசூட்டை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். அதை மடிக்கப் பயிற்சி பெற்றவரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது கொடுத்துப் புதிதாக மடித்து வாங்குங்கள்.