வெளிநாட்டு ரூமுக்கு டெபாசிட் கட்டுவது எப்படி: காரைக்குடியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு வாடகை அனுப்புவது ஒரு வேலை, டெபாசிட் அனுப்புவது வேறு வேலை. வாடகை போனால் போனதுதான். டெபாசிட் வருஷம் கழித்துத் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே பணத்தை எந்த வழியாக அனுப்பலாம் என்று கேட்பதற்கு முன்னால், அது யார் பெயரில், எந்தக் கணக்குக்கு, எந்தக் காகிதத்தை வைத்துத் திரும்பி வரும் என்று கேளுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனால் பேரன் பேத்தி விஷயம் என்றால் அந்தக் கணக்குப் புத்தி கொஞ்சம் இளகிவிடுகிறது.

நான் செக்காலை ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறவள். ஜூலை பிறந்தால் பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கையில் போன், போனில் ஒரு வாட்ஸ்அப் படம், படத்தில் யாரோ ஒருவருடைய பேங்க் கணக்கு எண். "இதுக்கு இன்னைக்கே அனுப்பணும்." இன்றைக்கே வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம், என்னிடம் வருகிறவர்களின் பிள்ளைகள் அதிகம் அங்கேதான் போகிறார்கள். அங்கே 2019ஆம் வருஷச் சட்டப்படி, வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. மாச வாடகையை நாலால் வகுத்து வார வாடகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாச வாடகை 520 பவுண்டு என்றால் பன்னிரண்டால் பெருக்கினால் 6,240, அதை 52 வாரத்துக்கு வகுத்தால் வாரத்துக்கு 120, ஐந்து வாரத்துக்கு 600. இதுதான் உச்சவரம்பு. நாலால் வகுத்திருந்தால் 650 வந்திருக்கும், 50 பவுண்டை சும்மா தூக்கிக் கொடுத்திருப்போம். ரூமைப் பிடித்து வைப்பதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். அது ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, ரூம் முடிவானதும் டெபாசிட்டிலோ முதல் வாடகையிலோ கழிய வேண்டும்.

இன்னொரு விதி பெற்றோருக்கு ரொம்ப முக்கியம். தனியார் வீட்டுக்காரர் வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். அந்த விவரத்தைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளைக்காகப் பணம் கட்டினவருக்கும் எழுத்தில் தர வேண்டும். காரைக்குடியிலிருந்து கட்டினது நீங்கள் என்றால் அந்தக் காகிதம் உங்களுக்கும் வர வேண்டும். பதியாவிட்டால் டெபாசிட்டைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கோர்ட் தண்டம் போடலாம். "எந்தத் திட்டத்தில் பதிவீர்கள்?" என்று பணம் அனுப்புமுன் ஒரு ஈமெயில் போடச் சொல்லுங்கள். நேர்மையான வீட்டுக்காரர் ஒரு வரியில் பதில் சொல்வார். சுற்றி வளைத்தால் வேறு ரூம் பாருங்கள். பல்கலைக்கழகமே நடத்தும் விடுதிக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாது, அங்கே ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

ஜெர்மனியில் ஹீட்டிங், தண்ணீர் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போதுதான். மலேசியாவில் சட்டத்தைவிட வழக்கம்தான் பேசும்: இரண்டு மாத வாடகை டெபாசிட், கரண்ட் தண்ணீருக்கு அரை மாதம், முன்பணமாக ஒரு மாதம். ஆயிரம் ரிங்கிட் வாடகை என்றால் கையில் 3,500 வேண்டும்.

சரி, தொகை தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் தந்த கணக்கு எண்ணை இப்போது நிதானமாகப் பாருங்கள். ஐபான் என்பது நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது போடும் முழுக் கணக்கு எண். இங்கிலாந்தின் ஐபான் எண் 22 எழுத்து: முதலில் ஜிபி, பிறகு இரண்டு இலக்கம், வங்கியைக் குறிக்கும் நாலு எழுத்து, அப்புறம் 14 இலக்கம். அந்தப் பதினாலில் முதல் ஆறு வங்கிக் கிளையைக் குறிக்கும் சார்ட் கோடு, மீதி எட்டு கணக்கு எண். வாடகை ஒப்பந்தத்தில் சார்ட் கோடும் கணக்கு எண்ணும் தனியாக அச்சிட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபாருங்கள். வங்கி பெயரைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். எண் சரியாக இருந்தால் பணம் அந்த எண்ணுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றால் அனுப்ப வேண்டாம். "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று இடையில் ஈமெயில் வந்தால், அந்த ஈமெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, முன்பே உங்களிடம் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அங்கே நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். ஒருத்தரைப் போய் ரூமைப் பார்த்து, வீடியோவில் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்புறம் வங்கி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். அந்நியச் செலாவணிக்கென்றே எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்த வங்கி அது. அப்படிப்பட்ட ஊரிலும் இன்றைக்கு எந்த வங்கியானாலும் எல்லாக் கிளையிலும் இந்த வேலை நடக்காது. சின்னக் கிளையில் கொடுத்தால் பேப்பர் வேறு ஊருக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். "இங்கேயே அனுப்புவீங்களா, வெளியே போகுமா, எத்தனை நாள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை இங்கே வங்கி இல்லை, ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி இல்லை. கெடு வெள்ளிக்கிழமை என்றால் திங்களன்றே அனுப்பிவிட வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: பான் கார்டு, பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் அல்லது டெபாசிட் கேட்டு வந்த பில். கவுன்டரில் ஏ2 என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் எதற்காகப் பணம் போகிறது என்பதற்கு ஒரு குறியீடு போட வேண்டும். படிப்புக்காகப் போகும் பணம், விடுதிச் செலவு உட்பட, எஸ்0305. அவசரத்தில் கவுன்டரில் இருப்பவர் குடும்பப் பராமரிப்பு என்று எஸ்1301 போட்டுவிட்டால் பின்னால் வரி விஷயத்தில் இடிக்கும். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், டெபாசிட் அந்த உயரத்தை எட்டவே எட்டாது. பார்க்க வேண்டியது டிசிஎஸ் வரியை, அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி உங்களிடம் பிடித்துக்கொள்ளும் வரியை. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு பான் எண்ணில் வருஷத்துக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. கல்லூரிக் கட்டணமும் அதே பான் எண்ணில் போயிருந்தால் அதுவும் இந்தப் பத்து லட்சத்தில் சேரும், டெபாசிட் அதற்கு மேலே போய் உட்காரும். படிப்பு என்று குறித்திருந்தால் விகிதம் குறைவு, மற்றதற்கு 20 சதவீதம். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடனிலிருந்து போனால் பிடித்தமே இல்லை. பிடித்தது எதுவும் தொலைந்து போகாது, உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் ஏறியிருக்கும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கும். கட்டணத்தை அப்பா பான் எண்ணிலும் டெபாசிட்டை அம்மா பான் எண்ணிலும் பிரித்து அனுப்புவதில் தப்பு எதுவும் இல்லை, அவரவர் கணக்கில் அவரவர் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரேட் விஷயத்தில் எல்லோரும் கமிஷனைத்தான் கேட்கிறார்கள். கமிஷன் சில நூறு ரூபாய். காசு போவது ரேட்டில். வங்கிக்கு வங்கி அனுப்பும் பணத்துக்கு "டிடி செல்லிங்" (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல) ரேட், கையில் நோட்டாக வாங்கினால் அதைவிடக் கூடுதல் ரேட். எந்த ரேட் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பவுண்டு 115 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 600 பவுண்டு 69,000 ரூபாய். பவுண்டுக்கு இரண்டு ரூபாய் கூட வைத்தால் 1,200 ரூபாய் சத்தமில்லாமல் போயிற்று. மாற்றுவதற்கான ஜிஎஸ்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை வைத்து, அதில் 18 சதவீதம். 69,000க்கு 690, அதில் 18 சதவீதம் 124 ரூபாய் 20 காசு.

இப்போது பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம். போன வருஷம் பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தர் மகள் வயிற்றுப் பேரனுக்கு டெபாசிட் கட்ட வந்தார். படிவத்தில் ஒரு கட்டத்தில் ஓயுஆர், எஸ்ஹெச்ஏ, பிஈஎன் என்று மூன்று தேர்வு இருந்தது. ஆச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார், "ஏன்த்தா, 600 அனுப்புனா 600 போய்ச் சேராதா?"

"சேராது ஆச்சி. நடுவுல ஒரு பேங்க் இருக்கும். அது தன் கூலிய எடுத்துக்கிட்டு மிச்சத்தத்தான் தள்ளிவிடும்."

"எவ்வளவு எடுப்பாக?"

"முன்கூட்டியே சொல்ல மாட்டாக ஆச்சி."

"அப்ப அந்தக் கூலிய நாமளே இங்க கட்டிப்புடுவோம். அங்க போயி அந்தப் பய கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

ஆச்சி சொன்னதுதான் ஓயுஆர். எல்லாக் கூலியும் அனுப்புகிறவர் தலையில். எஸ்ஹெச்ஏ என்றால் இங்கத்திய வங்கியின் கூலி அனுப்புகிறவர் தலையில், மற்ற வங்கிகளின் கூலி வாங்குகிறவர் தலையில், பிஈஎன் என்றால் வாங்குகிறவர் தலையில். வாடகைக்கு எஸ்ஹெச்ஏ பரவாயில்லை, குறைவதை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம். டெபாசிட்டில் 600க்குப் பதில் 588 போய்ச் சேர்ந்தால் ஏஜென்ட் "பாக்கி இருக்கிறது" என்று சாவி தர மாட்டார், அந்தப் 12 பவுண்டை அனுப்ப மறுபடியும் முழுக் கட்டணம். ஓயுஆர் போட்டாலும் வாங்கும் வங்கி வரவுக் கட்டணம் என்று ஏதாவது பிடிக்குமா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியதும் ஸ்விஃப்ட் காப்பியை, அதாவது வங்கி வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பிய செய்தியின் நகலை, கேட்டு வாங்குங்கள். அதில் யூஇடிஆர் என்று 36 எழுத்தில் ஒரு எண் இருக்கும், பணம் எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத்தான் தேட முடியும். அந்தக் காப்பியைப் பிள்ளைக்கும் ஏஜென்டுக்கும் அனுப்பிவிடுங்கள். பணத்தோடு போகும் குறிப்பில் பிள்ளையின் பெயரும் ரூம் எண்ணும் இருக்கட்டும். பணம் கட்டியது ஆச்சி, குடியிருப்பது பேரன் என்றால் யாருடைய பணம் என்று தெரியாமல் அங்கே தனியே ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

"இதெல்லாம் எதுக்கு, உண்டியல்ல போட்டா சாயந்தரமே அங்க கையில" என்று சொல்கிறவர் எல்லாத் தெருவிலும் ஒருத்தர் உண்டு. வங்கி வழியாகப் போகாமல் ஆள் மூலம் கைமாறும் இந்த உண்டியல் பணத்துக்கு, அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் போட ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை விடுங்கள். ரசீது இல்லாத டெபாசிட்டை எதைக் காட்டித் திரும்பக் கேட்பீர்கள்? சிங்கப்பூருக்கு யுபிஐயிலேயே அனுப்பலாமே என்றும் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் யுபிஐயையும் அங்கத்திய பேநவ்வையும் இணைத்தார்கள், உண்மைதான். ஆனால் அது உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்கும்தான், வீட்டுக்காரருக்கு டெபாசிட் கட்ட அல்ல.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள் ஹோட்டல் அட்வான்ஸுக்காக வங்கிப் படியேற வேண்டாம், கார்டு போதும். ரிங்கிட் மலேசியாவுக்கு வெளியே வியாபாரமாகும் நாணயம் அல்ல, வங்கி வழியாக அனுப்பினால் பெரும்பாலும் டாலராகப் போய் அங்கே ரிங்கிட்டாக மாறும், இரண்டு முறை நஷ்டம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும், திறக்காத கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். மெஷினில் "ரூபாயா, ரிங்கிட்டா?" என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள், ரூபாய் என்று அழுத்தினால் அந்த மெஷின்காரர் வைத்ததுதான் ரேட். வந்து இறங்கியதும் சாவிக்கென்று ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் சேமிப்புப் பணமே அத்தனை நாளும் முடங்கும், அதனால் இதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. அது டெபாசிட் இல்லை, திரும்பாது.

பிள்ளை ரூமுக்குள் நுழைந்த அன்றே, பெட்டியைத் திறக்கும் முன்னால், சுவர், மெத்தை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு ஈமெயிலில் அனுப்பட்டும், தேதியோடு இருக்கும். காலி செய்யும்போது எவ்வளவு திரும்ப வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் இங்கிலாந்தில் 10 நாளுக்குள் தந்துவிட வேண்டும். ஒத்து வராவிட்டால் பாதுகாப்புத் திட்டத்திலேயே காசில்லாமல் பஞ்சாயத்து உண்டு, அங்கே இந்தப் போட்டோதான் சாட்சி. பணத்தை இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னால் மறுபடி மாற்றுக் கூலி, மறுபடி நடு வங்கி. பிள்ளையின் அங்கத்திய கணக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள், அடுத்த ரூமின் டெபாசிட்டுக்கு அதுவே ஆகும். படிப்பு முடிந்து ஊருக்கே திரும்புவதானால் டெபாசிட் வந்து சேரும் வரை அந்தக் கணக்கை மூட வேண்டாம்.