கயாக் கவிழ்ந்தால் எத்தனை நிமிடத்தில் திரும்ப ஏறுவீர்கள்?

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் கயாக் ஓட்டக் கிளம்புகிறவர்கள் படகின் நீளத்தையும் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆழத்தில் கவிழ்ந்தால், யாரும் கை கொடுக்காமல் திரும்ப ஏற உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேக நீரோட்டம் நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர் இழுத்துச் செல்லும். 5 நிமிடம் தண்ணீரில் கிடந்தால் 300 மீட்டர் போயிருப்பீர்கள். அந்தத் தூரத்துக்குள் ஒரு கெலோங்கோ (கடலில் மிதக்கும் மீன் பண்ணை) நங்கூரமிட்ட பார்ஜோ (தட்டையான சரக்குப் படகு) இருந்தால், ஓடும் தண்ணீர் உங்களையும் படகையும் கயிறு, வலைகளுக்கு அடியில் செருகிவிடும். ஜொகூர் நீரிணையில் உபின், கெத்தாம் தீவுகளைச் சுற்றி மீன் பண்ணைகள் மிதப்பதால் இந்தக் கணக்கைத் தள்ளிப்போட முடியாது.

வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக்குகளில் பல, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. அவற்றில் ஏறுவது எளிது. நடுப்பகுதிக்கு வந்து, எதிர்ப்பக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகை நிமிர்த்துங்கள். காலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்படி பாயுங்கள். பிறகு புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். காலைத் தொங்கவிட்டபடி கையால் மட்டும் எம்பினால் படகு மறுபடி உங்கள் மேலேயே சாயும்.

காக்பிட் (காலை உள்ளே நுழைத்து உட்காரும் குழி) உள்ள கடல் கயாக்கில் வேலை கூடுதல். முதலில், வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பில் மாட்டிக் காக்பிட்டை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் இழுவளையம் வெளியே இருக்கிறதா என்று கிளம்பும்போது கையால் தொட்டுப் பாருங்கள். அது உள்ளே மடிந்துகொண்டால், தலைகீழாகத் தொங்கும்போது தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கவிழ்ந்ததும் முன்னால் குனியுங்கள். கைகளைக் காக்பிட் விளிம்பு வழியே முன்னால் நகர்த்தி வளையத்தைப் பிடியுங்கள். முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். இடுப்புக்கு இருபுறமும் கை ஊன்றித் தள்ளினால் நழுவி வெளியே வரலாம். வெளியே வந்தபின் படகையும் துடுப்பையும் விடவே கூடாது. காற்று அடிக்கும்போது வெறும் கயாக் நகரும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது.

தனியாக ஏறப் பேடில் ஃப்ளோட் வேண்டும். துடுப்பின் ஒரு முனையில் மாட்டி ஊதும் காற்றுப்பை அது. படகு கவிழ்ந்தே கிடக்கட்டும். ஒரு காலைக் காக்பிட்டுக்குள் நுழைத்துக்கொண்டால் படகு ஓடாது, இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பையை மாட்டிக் கொக்கியைப் போட்டு, இரண்டு அறை இருந்தால் இரண்டையும் முழுக்க ஊதுங்கள். அரைகுறையாக ஊதிய பை, உங்கள் எடை விழுந்ததும் அமிழ்ந்துவிடும். பிறகு காக்பிட் விளிம்பைப் பிடித்து ஒரே வீச்சில் படகை நிமிர்த்துங்கள். மெதுவாகத் திருப்பினால் அதிகத் தண்ணீர் அள்ளும்.

துடுப்புத் தண்டைக் காக்பிட்டுக்குப் பின்னால், படகுக்குக் குறுக்காக, பை வெளிப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். தண்டையும் விளிம்பையும் சேர்த்து ஒரே கையால் பிடியுங்கள். முகம் பின்முனையைப் பார்க்க, மார்பு பின் மேல்தளத்தில் படுமாறு உதைத்து ஏறி, ஒரு காலைத் தண்டின் மேல் கொக்கி போலப் போடுங்கள். அடுத்த காலைக் காக்பிட்டுக்குள் விட்டு, பிறகு தண்டின் மேல் கிடக்கும் காலையும் உள்ளே இழுங்கள். குப்புறப் படுத்தபடியே, பை இருக்கும் பக்கமாகப் புரண்டு உட்காருங்கள். பலரும் தோற்பது இங்கேதான். ஏறிவிட்ட நிம்மதியில் மறுபக்கம் சாய்கிறார்கள், அங்கே தாங்க எதுவும் இல்லை. உட்காரும்வரை எடை பையின் பக்கமே இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காக்பிட்டில் தண்ணீர் அலையும் படகு அடுத்த அலைக்கே கவிழும். பையைக் கழற்றாமல் பம்பால் இறையுங்கள். பம்பும் பையும் மேல்தள ரப்பர் கயிற்றுக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் வைத்தால் தண்ணீரில் கிடக்கும்போது எடுக்க முடியாது.

நண்பர் பக்கத்தில் இருந்தால் இத்தனை பாடு இல்லை. அவர் உங்கள் படகின் முன்முனையைத் தன் மேல்தளத்தின் மேல் இழுக்க, நீங்கள் பின்முனையை அழுத்துங்கள். இருக்கைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் உள்ள படகில் தண்ணீரில் பெரும்பகுதி அப்படியே வடிந்துவிடும். பிறகு நிமிர்த்தி, இரண்டு படகையும் எதிரெதிர் திசை பார்க்க ஒட்டி நிறுத்தி, அவர் உங்கள் காக்பிட் விளிம்பின் மேல் கவிந்து பிடித்துக்கொள்ள, ஏறுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. முன்பக்கம் மிகத் தடிமனாக இருந்தால் மேல்தளத்தில் ஏறும்போது தடுக்கும். கரையோரப் பாறைகளில் சிப்பியும் கொட்டலசும் காலைக் கிழிக்கும் என்பதால் காலணி அவசியம். விசிலும், நீர்புகாப் பையில் கைப்பேசியும் உடம்போடு இருக்கட்டும். படகில் கட்டியது படகோடு போய்விடும்.

முதலில் தோளளவு ஆழத்தில், துணைக்கு ஒருவரோடு பழகுங்கள். 3 நிமிடத்துக்குள் வந்தபின் சற்று அலையுள்ள இடத்தில் செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரம்தான் உங்கள் உண்மையான அளவு. அதை நிமிடத்துக்கு 60 மீட்டரால் பெருக்கி, இரு மடங்காக்குங்கள். நீரோட்டம் போகும் திசையில் உள்ள எந்தக் கெலோங்குக்கும் அவ்வளவு தூரமாவது விட்டு ஓட்டுங்கள். 4 நிமிடம் என்றால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்.

சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், 1924-ல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையை நடுவில் அடைத்துவிட்டதால், உபின் பக்கத்துத் தண்ணீர் கிழக்கு வாய் வழியாகத்தான் வந்து போகிறது. கடல் ஏறும்போது மேற்கே ஓடும், வற்றும்போது கிழக்கே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வேகம் அதிகம். பழகுவதற்கு அரைநிலா நாள்களைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலிலும் முற்பகலிலும் சுமத்ராப் புயற்காற்று மேற்கிலிருந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கக்கூடும். மேற்கு வானில் கருத்த மேகச்சுவர் தெரிந்தாலோ இடி கேட்டாலோ, மழை தொடங்கக் காத்திராமல் அருகிலுள்ள கரையில் ஏறிவிடுங்கள்.