காவல் மரணத்துக்குப் பின்: கோபம் ஆறுவதற்குள் எழுத்தில் பெற வேண்டியவை

விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர் அரசு மருத்துவமனையின் பிணவறையில் கிடக்கிறார் என்ற செய்தி பரவியதும் ஊர் கொதிக்கும், கடைகள் அடைபடும், சாலை மறியல் நடக்கும், கட்சிக்காரர்கள் வருவார்கள். அந்தக் கொதிப்பு மூன்று நான்கு நாள்களுக்குமேல் நிற்பது அரிது என்பதை அனுபவமுள்ள எந்த அதிகாரியும் அறிவார். ஆகவே அந்த நாள்களைப் பேச்சிலேயே கடத்திவிடத்தான் முயல்வார். இறந்தவரின் குடும்பத்தாரும், அவர்களுக்குத் துணைநிற்கும் ஊராரும் இயக்கத்தாரும், அதே நாள்களுக்குள் யாரிடம் எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதல் சில மணி நேரத்துக்குள் காவல் தரப்பிலிருந்து ஒரு காரணம் வந்துவிடும். நெஞ்சுவலி, வலிப்பு, தப்பியோடும்போது விழுந்தது, கழிவறையில் வழுக்கியது என்று அந்தப் பட்டியல் நம் ஊருக்குப் பழகிப்போனது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின் இறந்த தந்தை–மகன் மீதான முதல் தகவல் அறிக்கை, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாகச் சொன்னது. இத்தகைய காரணத்தை ஒப்புக்கொள்ளும் எந்தக் காகிதத்திலும் குடும்பத்தார் கையெழுத்திடக் கூடாது. அதே சமயம், கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லவும் கூடாது. பின்னாளில் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வாக்கியமே உண்மையான மற்ற சாட்சியங்களையும் சாய்த்துவிடும். யார், எந்த வண்டியில், சீருடையிலா சாதாரண உடையிலா, எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போனார்கள், அப்போது அவர் உடல்நிலை எப்படி இருந்தது, கடைசியாக எப்போது பேசினார் என்பவற்றை, நினைவு மங்குவதற்குள் அன்றே எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உடற்கூராய்வு, வழக்கின் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. காவலில் நிகழும் மரணத்துக்கு, காவல் துறையின் புலனாய்வோடு கூட, நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) விசாரணையும் கட்டாயம். இந்த ஏற்பாடு 2006 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் இருக்கிறது. வருவாய்த் துறை அதிகாரியான கோட்டாட்சியர் வந்து பேசுவது இதற்கு ஈடாகாது என்பதைப் பலர் அறியாமல், அவர் வந்ததையே விசாரணை தொடங்கியதாக நினைத்துக் கலைந்துபோகிறார்கள். எனவே முதல் மனு நடுவருக்குப் போக வேண்டும்.

அந்த மனுவில் கேட்க வேண்டியவற்றை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஓர் உத்தரவு ஏறத்தாழ வரிசைப்படுத்தியே கொடுத்திருக்கிறது. நெருங்கிய உறவினர் உடலைப் பார்க்காமல் ஆய்வு தொடங்கக் கூடாது. தடய மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் குறைந்தது இருவர் ஆய்வு செய்ய வேண்டும். உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ பதிவு வேண்டும். அறிக்கையின் நகலும் வீடியோவும் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். உயர் நீதிமன்றத்தை நாடப்போவதாகக் குடும்பத்தார் சொன்னால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும். உடலைப் பார்க்கும்போது உள்ளங்கால், பிட்டம், முதுகு, மணிக்கட்டு ஆகிய இடங்களையும் புரட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். அந்த நிலையில் ஒரு தாயிடமோ மனைவியிடமோ இதைச் செய்யச் சொல்வது கொடுமை என்பது எனக்குத் தெரியும். மனம் சற்று உறுதியான உறவினர் ஒருவரையும் ஒரு வழக்கறிஞரையும் அனுப்புவதே நல்லது.

உடலை வாங்க மறுத்துப் போராடுவது நம்மிடையே வழிவழியாக வந்த ஆயுதம். அது வலுவானதுதான், ஆனால் உடற்கூராய்வையே தடுத்துவிட்டால் காயங்களின் தடயம் கெட்டுப் பயன் காவல் தரப்புக்கே போய்ச்சேரும். ஆய்வை முறைப்படி நடக்கவிட்டு, அதற்குப் பின் வாங்க மறுப்பதே சரி. பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் நிவாரணத் தொகை, அரசு வேலை, வீட்டுமனைப் பட்டா என்று அடுக்குவார்கள். அவை குடும்பத்துக்குத் தேவை, கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் கொலை வழக்கு, கைது, விசாரணை மாற்றம் ஆகிய கோரிக்கைகளைத் தனிக் காகிதத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், பணம் கொடுத்ததும் மனு முழுதும் முடிந்துபோனதாகக் கோப்பு மூடப்படும். உடலைப் பெற்ற பிறகும் எரிக்காமல் புதைப்பதையே நான் பரிந்துரைப்பேன்; மறு ஆய்வுக்கு உத்தரவு கிடைத்தால் தோண்டி எடுக்க முடியும், சாம்பலை யாரும் ஆய்வு செய்ய முடியாது.

வழக்கு பெரும்பாலும் சந்தேக மரணம் என்றே முதலில் பதிவாகும். அதைக் கொலை வழக்காக மாற்றவும், விசாரணையை அதே மாவட்டக் காவலர்களிடமிருந்து எடுத்து, மாநிலக் காவல் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியிடமோ மத்திய அரசின் சிபிஐயிடமோ ஒப்படைக்கவும் உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல், பணியிடை நீக்கம் ஆகிய மூன்றையும் தண்டனை என்று கொண்டாடிவிடக் கூடாது. அவை துறைக்குள் நடக்கும் ஏற்பாடுகள். குற்ற வழக்கு வேறு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகைத் திருட்டுப் புகாரின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி இறந்தபோது, சில நாள்களுக்குள் 5 காவலர்கள் கைதானதற்கும் வழக்கு சிபிஐக்குப் போனதற்கும் மக்கள் கோபத்தோடு உடற்கூராய்வில் பதிவான காயங்களும், அவர் அடிக்கப்படுவதைக் கோயில் பகுதியில் மறைந்திருந்து ஒருவர் எடுத்த வீடியோவும் காரணமாயின. இறந்தவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, குற்றஞ்சாட்டப்பட்டோர் அப்பிரிவினர் அல்லாதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லிப் புகாரிலேயே எழுத வேண்டும்.

காவல் நிலையத்தின் சிசிடிவிப் பதிவுக்கு முதல் நாளே கடிதம் போக வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்களும், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டுமென்று சொன்னது. சொன்னது அப்படி, அதற்குச் சில மாதம் முன்பு சாத்தான்குளம் நிலையத்துக்குப் போன நடுவர் கண்டதோ, வன்வட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) இடம் இருந்தும் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை. அங்கே அவருக்கு ஒத்துழைப்புக் கிடைக்காததால் உயர் நீதிமன்றம் அந்நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. ஆகவே சிசிடிவியோடு, நிலையப் பொதுக் குறிப்பேடு, கைதுக் குறிப்பு, மருத்துவத் தகுதிச் சான்று, காவலில் வைக்க நடுவர் இட்ட ரிமாண்ட் உத்தரவு ஆகியவற்றையும் கைப்பற்றக் கோரி நடுவருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே நாளில் மனு அனுப்பிப் பதிவுத்தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எதிரே உள்ள கடைகள், பெட்ரோல் பங்குகளின் கேமராக்களையும் மறக்க வேண்டாம்.

கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால், அந்தக் கைப்பேசியையே எதையும் அழிக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். எடுத்தவர் பெயரை மேடையில் நன்றி சொல்வதற்காகக்கூட வெளியிடாதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் அவருக்குப் பாதுகாப்புக் கேட்கலாம். சாத்தான்குளம் வழக்கில் அந்நிலையத்துத் தலைமைக் காவலர் ஒருவரே நடந்ததை நடுவரிடம் சொன்னார். எனவே நிலையத்திலுள்ள எல்லாரையும் ஒருசேர வசைபாடி, பேச மனம் வரக்கூடிய ஒருவரின் வாயையும் அடைத்துவிட வேண்டாம்.

போராட்டத்தில் ஒரு கல் விழுந்தால் மறுநாள் செய்தி அந்தக் கல்லைப் பற்றியதாகிவிடும். ஊர்ப் பெரியவர்களும் வணிகர் சங்கமும் முன்னின்று கடையடைப்பு நடத்துவது பாதுகாப்பானது.

காவலில் நிகழும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 முதல் உள்ள அறிவுறுத்தல். இருந்தாலும் குடும்பத்தார் தாமே புகார் அனுப்புவது நல்லது. ஆணையத்துக்குப் போக ஓராண்டுக் கெடு உண்டு. இழப்பீட்டை அரசின் கருணையாக எண்ண வேண்டியதில்லை. காவல் மரணத்துக்கு அரசே பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டுமென்று ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு வருவதுதான் நீண்ட பகுதி. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஜாமீன் கேட்கும்போது தம் தரப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டோருக்கு உரிமை உண்டென்று 2022இல், உத்தரப் பிரதேசத்தில் போராடிய விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு ஜாமீன் மனுவின்போதும் எதிர் மனு போட வேண்டும். எல்லாக் காகிதங்களையும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை வழக்கறிஞரிடமும் ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை அந்தக் காவல் நிலைய எல்லைக்கு வெளியே குடியிருக்கும் நம்பகமான உறவினரிடமும் வையுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊரிலிருந்து இரண்டு பேராவது முறைபோட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் போய் உட்கார ஏற்பாடு செய்யுங்கள்.